ஒன்பது சதவீதம்

அம்பிலோ சாலையில் டயர் கிடங்குக்குப் பின்னால்
பெயர்ப்பலகை இல்லாத கதவு.
காவலுக்கு நின்றவர் மணிக்கட்டில்
மீன் படம் போட்ட முத்திரை குத்தினார்.
ஐம்பது ராண்ட்.
சில்லறை இல்லை என்றேன்.
"போகும்போது கொடு" என்றார்.
போகும்போது அவரும் உள்ளேதான் இருந்தார்.
அது பிறகு.

உள்ளே பதினேழு பேர்.
எண்ணிவிட்டேன். எண்ணுவது என் பிழைப்பு.
ஃபீனிக்ஸில் மூட்லி ஓட்டுக்கடையில்
மாதக் கடைசியில் சரக்கு எண்ணுபவன் நான்.
வேலையிலிருந்து நேரே வந்ததில்
கடை மடிக்கணினி முதுகில் கனத்தது,
சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி.

அவள் பெயர் சிசகேலே.
சுவரொட்டியில் 'நான்காவது லிஃப்ட்'.
மூன்று வருடமாக அவளுடைய ஒன்பது பாடல்களையும்
(பாடல் எனலாமா, சொல்லே கிடையாது)
காலை டாக்சியில்
இரண்டு தோள்களுக்கு நடுவே நசுங்கியபடி கேட்கிறேன்.
இரண்டாவது பாடலில், நான்காம் நிமிடத்தில்
யாரோ தும்முவது கேட்கும்.
அவள் அதை அழிக்கவில்லை.
அந்தத் தும்மலை நம்பித்தான்
மற்ற எட்டையும் கேட்டேன்.

"ஒரு வரிகூடப் பாடாத பாட்டில்
என்னதான் இருக்கு?"
என்பான் கிரீசன், தங்கை கணவன்,
கார் ஸ்பீக்கருக்குக் கடன் வாங்கியவன்.
மழைகூட ஒரு வரியும் பாடுவதில்லை
என்று சொல்லலாம்.
சொன்னால் சிரிப்பான்.
நானும் சிரித்துவிடுவேன்.

முதல் அடி விழுந்தது.
அடிவயிற்றில் யாரோ ஒரு மேசையை நகர்த்தினார்கள்.
இத்தனை நாள் காதுக்குழலில்
மேல்மாடியை மட்டும் கேட்டிருக்கிறேன்.
அடித்தளம் இங்கே,
இந்த எண்ணெய்க் கறைத் தரைக்குக் கீழே
புதைந்து கிடந்திருக்கிறது.
கண்ணாடி வளையல் போட்ட ஒருத்தி
கண்ணை மூடிச் சுவரோடு ஆடினாள்.
தபால்துறைச் சீருடையில் ஒருவர்
தலையை மட்டும் ஆட்டினார்,
ஏதோ நீண்ட வழக்கில் சம்மதம் சொல்பவர் போல.

திடீரென நின்றது.
சிசகேலே குனிந்து திரையைப் பார்த்தாள்.
"ஒன்பது சதவீதம். யாரிடமாவது சார்ஜர் இருக்கா?"
பதினேழு பைகளில் பதினேழு கைகள்.
எல்லாம் போன் வயர்.

என்னிடம் இருந்தது.
ஒட்டியிருந்த சீட்டில் மூட்லியின் கையெழுத்து:
கடைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

பொருந்தியது, ஆனால் முனை தளர்ந்திருந்தது.
ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால்தான்
பச்சை விளக்கு எரியும்.
ஆகவே மேசைக்கடியில்
ஒரு முழங்காலை ஊன்றி
பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
மூன்று வருடம் காத்திருந்து வந்த கச்சேரியில்
நான் பார்த்தது முப்பத்து நான்கு கால்கள்,
பிறகு முப்பத்தாறு.
கூடுதல் இரண்டு, காவலரின் பூட்ஸ்.
எல்லோரையும்விட அவர்தான் நன்றாக ஆடினார்.

கை மரத்தது.
ஸ்பீக்கர் ஒரு சாண் தூரத்தில்
என் பற்களை ஒவ்வொன்றாக விசாரித்தது.
இரண்டாவது பாடல் வந்தது.
நிமிடம் எண்ணினேன். ஒன்று. இரண்டு.
மூன்று தாண்டியதும்
அடியை எல்லாம் எடுத்துவிட்டு
ஒற்றை இழை ஒலியை மட்டும் நீட்டிக்கொண்டே போனாள்,
போனாள்,
தும்மலுக்கு இடம் விட்டு.

சிமெண்ட் தூசி.
நான் தும்மினேன்.
உண்மையாக, முழு உடம்போடு.
முனை நழுவியது, திரை மங்கியது,
பதறி மறுபடி சொருகினேன்.
மேசைக்கு மேலிருந்து
தலைகீழாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது.
"பதிவில் தும்மியவன் என் தம்பி," என்றாள்,
"உன் அளவுக்குச் சரியான நேரத்தில் இல்லை."
அடி மறுபடி விழுந்தது.

திங்கட்கிழமை. சரக்குப் பதிவேடு.
வெள்ளை ஓடு, நாற்பது பெட்டி.
சாம்பல் ஓடு, பன்னிரண்டு. உடைந்தது மூன்று.
சார்ஜர், ஒன்று.
முனை சற்று வளைந்துள்ளது.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி
மணிக்கட்டைப் பார்த்தேன்.
மீன் இன்னும் முழுதாக அழியவில்லை.